தெல்தெனிய வீதியில் எஸ் பொத்தான்

அந்தக் காரை நான் வாங்கியிருக்கவே கூடாது. என் மனைவி அதை அன்றைக்கே சொன்னாள். பிறகும் பல தடவை சொன்னாள். இன்றைக்கும் எங்களுக்குள் வாய்த்தர்க்கம் முற்றினால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். ஆனால் அவள் சொல்லும் காரணம் வேறு, எனக்குத் தெரிந்த காரணம் வேறு. எனக்குத் தெரிந்ததை அவளிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. இந்த வயதில் எழுதியாவது வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றுகிறது. பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

சமாதானப் பேச்செல்லாம் குழம்பி, யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த காலம். நான் கண்டியில் ஓர் அரச திணைக்களத்தில் பொறியியலாளர். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களுக்கு வரிச்சலுகையோடு கார் இறக்குமதி செய்யப் பேர்மிட் கொடுப்பார்கள். என்னோடு வேலை செய்தவர்கள் அந்தப் பேர்மிட்டில் குடும்பத்துக்கு ஏற்ற சாதுவான கார்களை எடுத்தார்கள். நான் ஜப்பானில் இருந்து வெள்ளி நிறத்தில் ஒன்றை இறக்கினேன். டேர்போ எஞ்சின், ஓட்டோ கியர், பொனற்றில் காற்று இழுக்க அகலமாக ஒரு துவாரம். பள்ளிக்கூடப் பையன்கள் படம் வரைந்து வைத்திருக்கும் சாதிக் கார்.

“இந்த நேரத்தில ஆரும் இப்பிடி ஒரு காரை எடுப்பினமே? சனம் ஒளிச்சுத் திரியுது. நீங்கள் கொடி பிடிச்சுக்கொண்டு போகப் போறீங்களோ?” என்றாள் மனைவி.

அவள் பயந்ததற்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவளுடைய ஒரே தம்பி, என் மச்சான், வடக்கில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தான். இருபத்து நான்கு வயது. வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். பொலிஸில் பதிந்த துண்டு ஒன்று அவனிடம் இருந்தது. அதை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் போன பையன்கள் சிலர் திரும்பி வரவில்லை என்று கதை உலவியது. கதையா உண்மையா என்று விசாரிக்கும் தைரியம் யாருக்கும் இல்லை. இவனை உயிரோடு விமானம் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே சிந்தனை அதுதான்.

அப்படியிருக்க எதற்கு இந்தக் கார் என்று கேட்டால், எனக்கு அடங்கி நடந்து அலுத்துப்போயிருந்தது. அலுவலகத்தில் அடக்கம். பஸ்ஸில் போனால் வாய் திறக்காத அடக்கம். சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கவும் பயந்து பயந்து அரைகுறைச் சிங்களம். காரில் கியர்க் கம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. எஸ் என்ற ஒற்றை எழுத்து. அதை அமத்தாதவரை அந்தக் கார் நல்ல பிள்ளை. அவசரமாக மேல் கியருக்கு ஏறி, எஞ்சினைத் தூங்கவைத்து, பெற்றோலை மிச்சம் பிடித்துக்கொண்டு உருளும். எஸ்ஸை அமத்தினால் வேறு பிறவி எடுக்கும். கியரை மாற்றாமல் பிடித்து வைத்திருக்கும். முள் சிவப்புக் கோடு வரை ஏறும். கால் பட்டவுடன் முதுகு சீட்டோடு ஒட்டும். வளைவுக்கு முன் பிரேக் போட்டால் தானாகவே ஒரு கியர் இறங்கி உறுமும். வேகம் குறையும், சத்தம் கூடும். பழக்கமில்லாதவர்கள் கார் பாயப்போகிறது என்று நினைத்து ஒதுங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் கிளம்பிவிடுவேன். திகன தாண்டி தெல்தெனியப் பக்கம் போனால் நல்ல வளைவுகள், வலது பக்கம் கீழே நீர்த்தேக்கம், வாகனமும் குறைவு. எஸ்ஸை அமத்தி இருபது நிமிடம் ஓடுவேன். அந்த இருபது நிமிடத்துக்கு நான் யாருக்கும் பயந்தவன் இல்லை. ஐம்பது வயதை நெருங்கிய ஒரு மனிதனுக்கு இது வெட்கக்கேடு என்று எனக்கே தெரியும். இருந்தாலும் வீடு திரும்பும்போது மனம் லேசாக இருக்கும்.

வழியில் பாலத்தடியில் ஒரு சோதனைச் சாவடி. அதற்கு நூறு யார் தூரம் முன்பே எஸ்ஸை நிறுத்துவேன். ரேடியோவை நிறுத்துவேன், நாலு ஷட்டர்க் கண்ணாடியையும் இறக்குவேன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவேன், இரண்டு கையையும் ஸ்டேரிங்கின் மேல் தெரிகிற மாதிரி வைப்பேன். தமிழன் கார் ஓட்டுவதில் பாதி அந்தச் சடங்குதான். ஒரு ஞாயிறு ஏதோ யோசனையில் எஸ்ஸை மறந்துவிட்டேன். பிரேக்கில் கால் வைத்தேன், கார் உறுமியது. காவலில் நின்ற இரண்டு பையன்களும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். கார் நின்றது. என் கைகள் ஸ்டேரிங்கில் ஒட்டிக்கொண்டன.

கொட்டிலுக்குள் இருந்து ஒருவர் வெளியே வந்தார். சீருடை இல்லை. வெள்ளை ரீசேட், இறப்பர்ச் செருப்பு. பையன்களைப் பார்த்துக் கையை அசைத்தார், அவர்கள் துப்பாக்கியை இறக்கினார்கள். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஸ்போர்ட் மோட்?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் சிரித்தார். அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் படித்தார். சிரிப்பு மாறவில்லை. முன் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சுற்றுப் போய்வருவோம் என்றார்.

போனோம். வளைவுகளில் அவர் குழந்தைப்பிள்ளை போலத் தொடையில் தட்டிச் சிரித்தார். இறங்கும்போது ஒரு கடதாசித் துண்டில் டெலிபோன் நம்பர் எழுதித் தந்து, ஏதும் பிரச்சினை என்றால் எடுங்கள், இஞ்சினியர் மாத்தையா என்றார், இஞ்சினியர் ஐயா என்று. ஒரு பெயரும் சொன்னார். அது அவருடைய சொந்தப் பெயராக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தத் துண்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோனபோது மனைவி அழுதாள், சந்தோஷத்தில். இது எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும். எண்பத்து மூன்றில் நான் பேராதனையில் மாணவன். கலவரம் வந்தபோது நான் வாடகைக்கு இருந்த வீதியில் தமிழர் வீடுகள் எரிந்தன, எங்கள் வீடு எரியவில்லை. வீட்டுக்காரருக்கு ஓர் இன்ஸ்பெக்டரைத் தெரியும், ஒரு டெலிபோன் எடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு தெற்கில் வாழ்ந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ‘தெரிஞ்ச ஆள்’ ஒருவரைத் தேடிக்கொண்டே இருந்தது. பெருநாளுக்குப் பலகாரம் அனுப்புவோம், அவருடைய பிள்ளையின் கல்யாணத்துக்குப் போவோம், எல்லாம் என்றோ ஒருநாள் எடுக்கப்போகும் ஒரு டெலிபோனுக்காக. எனக்கு அந்த ஆள் தானாகவே வந்து காரில் ஏறியிருந்தார்.

அடுத்த மாதமே தேவை வந்தது. மச்சானின் பதிவைப் புதுப்பிக்கப் போனோம். அலுவலகத்தில் என்னோடு வேலைசெய்த கிளார்க் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மலையகத்துக்காரர், நாற்பது வயது. சட்டைக் கொலருக்குள் வியர்வைக்குக் கைலேஞ்சி மடித்து வைத்திருப்பார். சிங்களம் சிங்களவரைவிட நன்றாகப் பேசுவார். “நீங்க சும்மா நில்லுங்க, சேர். நான் பேசிக்கிறேன்,” என்று எப்போதும் முன்னுக்குப் போவார். அன்றைக்கு அவருடைய பேச்சும் எடுபடவில்லை. பையனை விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்கு வந்து பாருங்கள் என்றார்கள். நான் வெளியே வந்து அந்த நம்பரை எடுத்தேன். பத்தே நிமிடம். துண்டில் முத்திரை குத்திக் கையில் தந்தார்கள், இருக்கச் சொல்லிக் கதிரையும் போட்டார்கள்.

வெளியே வந்ததும் கிளார்க் மெதுவாகக் கேட்டார்: “சேர், அந்த ஆளு எங்க வேலை செய்றாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“ஏன் காணும், உமக்கு என்ன அது? வேலை நடந்துதுதானே.”

“நடந்துச்சு, சேர். இவ்ளோ லேசா நடந்ததுதான் எனக்குப் பயமா இருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. மூக்குக்கு மேல் கோபம் எனக்கு எப்போதும் உண்டு. பொறாமை என்று நினைத்தேன். இவரால் முடியாததை நான் ஒரு டெலிபோனில் முடித்துவிட்டேன் அல்லவா? பஸ் நிலையத்தில் இறக்கிவிடும்வரை அவரோடு நான் பேசவில்லை.

அந்தக் கிளார்க்கைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கிழமை நாட்களில் கண்டியில் ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை மத்தியானம் ஹேவாஹெட்டவுக்குப் போவார். திங்கள் காலை முதல் பஸ் பிடித்து வேலைக்கு வருவார். ஒருமுறை நானே அவரைக் காரில் தோட்டம்வரை கொண்டுபோய் விட்டேன். மலை ஏற்றத்தில் எஸ்ஸை அமத்தினேன், அவர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு “முருகா, முருகா” என்றார். அவருடைய சின்ன மகள் இன்னொருமுறை உறுமவைக்கச் சொல்லிக் கேட்டாள். அவருடைய மனைவி இஞ்சித் தேத்தண்ணி தந்தார். தோட்டத்துப் பையன்களை யாராவது பிடித்துக்கொண்டு போனால் இவர்தான் இரவிரவாக உட்கார்ந்து மூன்று மொழியிலும் மனு எழுதிக் கொடுப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அலுவலகத்தில் அதைப்பற்றி அவர் மூச்சும் விட்டதில்லை.

என்னுடைய ‘தெரிஞ்ச ஆள்’ இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வரத் தொடங்கினார். அவருக்கு ஓட்டிப் பார்க்க ஆசை. பழைய ஜீப்பும் வான் வண்டியும் ஓட்டிப் பழகியவர், ஓட்டோ கியர் புதிது. இடது காலால் கிளச்சைத் தேடிப் பிரேக்கை மிதித்தார். நான் வாத்தியாராகிவிட்டேன். இடது காலை மறந்துவிடுங்கள் என்றேன். நேர்ப்பாதையில் எஸ் வேண்டாம், ஏற்றத்துக்கும் வளைவுக்கும் மட்டும் அமத்துங்கள் என்றேன். மெதுவாக வந்து சட்டென்று கிளம்ப வேண்டும் என்றால் நிறுத்துவதற்கு முன்பே எஸ்ஸில் இருங்கள், கியர் இறங்கித் தயாராக நிற்கும், கால் வைத்தவுடன் பறக்கும் என்றும் சொன்னேன். அதை அவர் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். கற்பிப்பதில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஒரு ஞாயிறு ஸ்டேரிங்கில் நான். நல்ல வேகம். நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள நீண்ட வளைவில் கார் தண்டவாளத்தில் போவது போலப் போனது. அவர் வெளியே பார்த்துக்கொண்டே, அன்றைக்கு உங்களோடு பொலிஸுக்கு வந்தவர் நல்ல சிங்களம் பேசுகிறாராமே, யார் அவர் என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் உலகமே சிநேகமாக இருந்தது. கெட்டிக்கார மனிதர் என்றேன். மூன்று மொழியிலும் எழுதுவார் என்றேன். என்ன எழுதுவார் என்று கேட்டார். சொன்னேன். மனுக்களைப் பற்றிச் சொன்னேன். ஹேவாஹெட்டவில் எந்தத் தோட்டம் என்று கேட்டார், அதையும் சொன்னேன். சனிக்கிழமை போனால் திங்கள் விடியத்தான் வருவார், பாவம், தோட்டச் சந்தியில் முதல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும் என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். புகழ்ந்துதான் சொன்னேன். அவர் “ஹொந்தாய்” என்றார், நல்லது என்று. பிறகு அடுத்த வளைவைப் பற்றிப் பேசினோம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை வந்து, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காரை இரண்டு நாளைக்குத் தர முடியுமா என்று கேட்டார். நான் தயங்கினேன். மனைவி என்னை உள்ளே கூப்பிட்டாள்.

“குடுங்கோ. ஒண்டுக்கும் மறுக்காதேங்கோ. தம்பியின்ர அலுவல் முடியுமட்டும் அந்த மனிசன்ர மனம் நோகக்கூடாது.”

கொடுத்தேன். திங்கள் மத்தியானம் கார் திரும்பி வந்தது. கழுவியிருந்தார்கள். கல்யாணக் கார் பளபளப்பாக இருப்பதில் என்ன அதிசயம்? ஆனால் உள்ளேயும் கழுவியிருந்தார்கள். பின் சீட்டின் காலடி விரிப்பு ஈரமாக இருந்தது. டாங்க் நிறையப் பெற்றோல். மனைவி, எவ்வளவு நல்ல மனிசன் என்றாள். நானும் ஓம் என்றேன்.

அன்றைக்குக் கிளார்க் வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவருடைய மேசையில் பேனை மூடி திறந்தபடி கிடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் வேலைக்கு வராவிட்டால் அடுத்த மேசைக்காரர்கூடக் கேட்கமாட்டார். புதன்கிழமை காலை அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். மகளும் கூட வந்திருந்தாள். என் அறைக் கதவை மூடினேன்.

“திங்கக்கெழம விடிய நாங்களும் சந்தி வரைக்கும் கூடப் போனோம், சேர். புள்ள அடம்புடிச்சிச்சு. பனியா இருந்துச்சு. ஒரு காரு வந்துச்சு. நிக்கப் போற மாதிரி மெதுவாச்சு, ஆனா சத்தம் மட்டும் கூடிக்கிட்டே வந்துச்சு. புள்ள மேல ஏறிருமோன்னு நான் இழுத்துக்கிட்டேன். அவரு மட்டும் சிரிச்சாரு. ‘நம்ம சேரு வந்திருக்காரு, எனக்காக வந்திருக்காரு போல’ன்னு சொல்லிட்டு கிட்டப் போனாரு. யாரும் புடிச்சு இழுக்கல, சேர். அவரா போனாரு. கதவு தொறந்துச்சு. கால உள்ள வச்சதுதான் தெரியும், காரு பறந்திருச்சு.”

என் முன்னால் ஒரு தண்ணீர்க் கிளாஸ் இருந்தது. அதை அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.

“ஒங்க காரு மாதிரியே இருந்துச்சு. நம்பர் பலகையெல்லாம் சேறு.” அவர் என் முகத்தையே பார்த்தார். “நீங்க வரலதானே, சேர்?”

“இல்லை, நான் வரேல்லை,” என்றேன். அது உண்மை. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கேவலமான உண்மை அதுதான்.

அவர் தலையாட்டினார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று முடிவெடுத்தாரா, தெரியாது. “ஒங்களுக்கு ஒரு ஆளத் தெரியும்னு அவரு சொல்லிருக்காரு. அவருகிட்ட ஒருவாட்டி கேட்டுப் பாருங்க, சேர். உசுரோட இருக்காருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.” மகள் என் மேசையில் இருந்த இறப்பர் முத்திரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றேன்.

கேட்டேன். அதையாவது சொல்லிக்கொள்ளலாம். அன்று மாலை நம்பரை எடுத்து, என்னுடைய உடைந்த சிங்களத்தில், எங்கள் கிளார்க்கைக் காணவில்லை, அவருடைய மனைவி வந்து அழுகிறார், நீங்கள் ஒருமுறை விசாரித்துச் சொல்ல முடியுமா என்றேன். மறுமுனையில் அவருடைய வழக்கமான அன்பான குரல். இஞ்சினியர் மாத்தையா, இப்படியான விஷயங்களில் நீங்கள் தலையிடாதீர்கள் என்றார். அதே மூச்சில், மல்லி எப்படி இருக்கிறான், விசா வந்துவிட்டதா என்று கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி, என் மச்சானைத்தான் கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன். பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தார். மச்சான் அப்போது அடுத்த அறையில் தன் அக்காவோடு சீட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தான், சிரிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் அந்தப் பெண்ணிடம், கேட்டுப் பார்த்தேன், அவர்களுக்கு ஒன்றும் தெரியாதாம் என்றேன். “பரவால்ல, சேர். கேட்டீங்களே, அதுவே பெருசு,” என்று கும்பிட்டார். அவரை பஸ் நிலையம்வரை காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. எந்தக் காரில் விடுவது? மாதக்கணக்காக அவர் திங்கட்கிழமைகளில் வந்தார், பிறகு வருவதை நிறுத்திவிட்டார். கிளார்க்கைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

மச்சானுக்கு விசா வந்தது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டு இடத்திலும் அந்தப் பெயரைச் சொன்னேன், விட்டார்கள். உள்ளே போகும்போது மச்சான் என் காலைத் தொட்டான். அத்தான், உங்களால்தான் நான் உயிரோடு போறன் என்றான். மனைவி திரும்பி வரும் வழி முழுக்க நித்திரை கொண்டாள், ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் அப்படித் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

மச்சான் போய்ச் சேர்ந்து ஒன்பதாம் நாள் அந்தத் ‘தெரிஞ்ச ஆள்’ மறுபடி வந்தார். இன்னொரு கல்யாணம், காரை இரண்டு நாளைக்குத் தர முடியுமா என்றார். எந்த ஊரில் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் தடவை எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டாம் தடவை எனக்குத் தெரியும். காப்பாற்ற வேண்டிய பையனும் அப்போது வீட்டில் இல்லை. உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவருடைய கையில் கொடுத்தேன். பெற்றோல் குறைவாக இருக்கிறது, போகும் வழியில் அடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.